அக்கா தைத்த துணி ரயில்

இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கும் படம், அக்காவின் கல்யாணம் முடிந்த மறுவாரம் திருமயத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. அதற்குப் பிறகு அக்கா தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டதே இல்லை. எங்கள் செல்போன்களில் இருப்பவை எல்லாம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டோ, யாருக்காவது தோள் அளவு எடுத்துக்கொண்டோ, பாதி முகம் திரும்பியபடி இருப்பவை. அதனால்தான் பழைய படத்தைப் போட்டிருக்கிறோம். முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும், படத்தில் இருப்பதைவிட மெலிந்த, படத்தில் இருப்பதைவிட அதிகம் சிரிக்கிற அக்காவைத்தான் அறிந்திருப்பீர்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அதற்குமேலும் படித்து, இப்போது திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அந்த ஒரே காரணத்துக்காக அத்தான் இந்தக் கட்டுரையை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். அக்காவின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். அதோடு, கடைசி வருடத்தில் தன் பிள்ளைகள் தர்ஷினிக்கும் கவினுக்கும் அக்கா செய்துவைத்துவிட்டுப் போன ஒரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது உங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது குடுமியான்மலைக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில். அப்பா கல் உடைக்கும் வேலைக்குப் போனவர். அம்மா களையெடுக்கவும் நாற்று நடவும் போவார். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை. நான் பிறந்தபோது அக்கா ஐந்தாம் வகுப்பில் இருந்தார். கைக்குழந்தையை விட்டுவிட்டு அம்மா வேலைக்குப் போக முடியாது என்பதால் அக்காவின் படிப்பு அத்தோடு நின்றது. பள்ளிக்கூடத்து மணிச்சத்தம் வீட்டுக்குக் கேட்குமாம். அதை வைத்துத்தான் எனக்குப் பால் புகட்டும் நேரத்தைக் கணித்ததாக அக்கா சொல்வார். "மத்த பிள்ளைகளுக்கு மணியடிச்சா சோறு. ஒனக்கு மணியடிச்சா பாலு" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

நான் கொஞ்சம் வளர்ந்து பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் அக்கா அன்னவாசலுக்குத் தையல் பழகப் போனார். அப்பா தவறியபோது நான் இரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அம்மாவின் கூலியாலும் அக்காவின் மிஷினாலும்தான். ஊரில் ரவிக்கை தைக்க, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைக்க, கிழிந்ததை ஒட்டுப்போட எல்லோரும் அக்காவிடம்தான் வருவார்கள். அளவு ரவிக்கை கொண்டுவர மறந்தவர்களிடம், "பரவால்ல, நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். தைத்து முடித்தால் சரியாக இருக்கும்.

என் சீருடைக் கால்சட்டையை அக்காதான் தைப்பார். காலுக்குக் கீழே நிறையத் துணியை உள்பக்கமாக மடித்துத் தைத்துவிடுவார். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் முன் ஒரு மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவார். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி பளிச்சென்று தெரியும். பழைய மடிப்பு ஒரு கோடாக நிற்கும். அப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகள் விழுந்துகொண்டே வரும். பையன்கள், "கால்சட்டைக்கு எத்தனை வயசுடா ஆச்சு?" என்று கேலி செய்வார்கள். வீட்டில் வந்து சொன்னால் அக்கா, "ஒன்னைவிட அதுக்கு வயசு கம்மிதான், போ" என்பார். அந்தக் கால்சட்டைகளில் ஒன்றை அக்கா பத்திரமாக வைத்திருந்தார் என்பது எனக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அக்காவைத் திருமயம் பக்கத்தில் கட்டிக்கொடுத்தோம். அத்தான் லோடு வண்டி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். பெண் பார்க்க வந்த அன்றே, "மிஷினும் கூட வரும்ல?" என்று அத்தான் கேட்டதாகவும், அதிலேயே தனக்கு இவரைப் பிடித்துவிட்டதாகவும் அக்கா சொல்வார். மிஷின் அத்தானின் வண்டியிலேயே போனது. கஜா புயல் அடித்து ஓட்டுக்கூரை போனபோது தர்ஷினி தவழ்கிற பிள்ளை. ஊரடங்கில் வண்டி ஓடாமல் நின்றபோது அக்கா வயிற்றில் கவின். அப்போது முகக்கவசம் தைத்துக்கொடுத்தே குடும்பத்தை நகர்த்தினார். எதற்கும் அசராத அந்த உடம்புக்குள் சிறுநீரகம் இரண்டும் மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. கால் வீங்கியபோது, மிஷின் மிதிப்பதால் வந்த வீக்கம் என்று அக்காவே சொல்லிவிட்டார். தெரிய வந்தபோது டயாலிசிஸ் என்கிற இடத்தில் வந்து நின்றோம்.

அதன்பின் வீட்டில் நாட்கள் இரண்டே வகை. டயாலிசிஸ் மிஷினுக்குப் போகிற நாள், போகாத நாள். போகிற நாளில் அத்தானும் அக்காவும் காலையில் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுவார்கள். சாயங்காலப் பஸ்ஸில் திரும்புவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அத்தானின் அக்கா வந்து வீட்டோடு இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் அத்தை. சாயங்காலமானால் கவின் அந்த அத்தையை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுவான். போகாத நாளிலும் சில சமயம் போய் உட்கார்ந்திருப்பான். "இன்னைக்கு அம்மா வீட்டுலதான்டா இருக்கு" என்றாலும் கேட்கமாட்டான். பஸ் வந்தால் அம்மா இறங்குவார் என்பது அவன் கணக்கு.

அவனுக்கு நேற்று என்பதும் நாளைக்கு என்பதும் ஒன்றுதான். "நாளைக்கு அம்மா எனக்குப் பப்ஸ் வாங்கிட்டு வந்துச்சுல்ல" என்பான். நாங்கள் சிரிப்போம். அக்கா மட்டும் சிரிக்கமாட்டார்.

ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அத்தான் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் அக்கா மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லு. எனக்குக் கூடுதா கொறையுதா?"

நான் பதில் சொல்லத் திணறியதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிறகு சொன்னார்.

"தர்ஷினி புரிஞ்சுக்கிரும். அழும், ஆனாப் புரிஞ்சுக்கிரும். இவனுக்கு நேத்தும் தெரியல, நாளைக்கும் தெரியல. நான் போயிட்டா இவன் எம்புட்டுக் காலத்துக்குடா அந்த பஸ் ஸ்டாப்புல உக்காந்திருப்பான்?"

உடம்பைப் பற்றியோ உயிரைப் பற்றியோ அக்கா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அந்த ஒரு கவலைதான் அவரிடம் மிஞ்சி இருந்தது.

அந்தச் சமயத்தில் மூன்றாம் வகுப்பில் தர்ஷினிக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் நடந்தவற்றை ஒரு சார்ட்டில் கோடு போட்டு வரிசையாக எழுதி வர வேண்டும். நான் லீவில் வந்திருந்தேன். தர்ஷினி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அம்மா பிறந்தது, அப்பா பிறந்தது, கல்யாணம், தான் பிறந்தது, தம்பி பிறந்தது என்று அழகாக எழுதினாள். கவின் சார்ட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இதுல அம்மா எங்க?" என்றான். அவள் எழுத்தைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா இல்ல, எழுத்துதான் இருக்கு" என்றான்.

படுத்திருந்த அக்கா எழுந்து உட்கார்ந்தார். தர்ஷினியிடம் சொல்லிப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணியை எடுத்துவரச் செய்தார். என் பழைய கால்சட்டை.

"இது யாரோடதுடா?" என்று கவினிடம் கேட்டார்.

"என்னோடது."

"இல்ல. மாமாவோடது."

அவன் என் காலையும் கால்சட்டையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உருண்டு சிரித்தான். அக்கா அவன் விரலைப் பிடித்து முதல் கோட்டின் மேல் வைத்தார். மாமா ஒன்றாவது படிக்கையில் கால் இதுவரைக்கும்தான் என்றார். அடுத்த கோடு, இரண்டாவது. அதற்கு அடுத்தது மூன்றாவது. கோடு கோடாக விரலை இறக்கிக்கொண்டே வந்து, கடைசியில் என் கால் பக்கத்தில் கால்சட்டையைப் பிடித்துக் காட்டினார். கவின் சிரிப்பை நிறுத்திவிட்டான். முதல் கோட்டை மறுபடியும் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப மாமா நானா இருந்துச்சா?"

"ஒன்ன மாதிரி இருந்துச்சு" என்றார் அக்கா. அவர் முகம் அப்படித் தெளிந்ததை நான் பல மாதங்களாகப் பார்த்திருக்கவில்லை.

மறுநாளே வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்தாயிற்று. வருடத்துக்கு ஒரு சதுரமாகத் துணிகளை வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து ஒரு நீளமான பட்டை செய்வதுதான் அக்காவின் யோசனை. பார்த்ததுமே கவின் அதற்கு ரயில் என்று பெயர் வைத்துவிட்டான். அதன்பிறகு சதுரங்கள் எல்லாம் பெட்டிகளாகிவிட்டன.

கிடைத்த துணிக்கும் நடந்த விஷயத்துக்கும் பொருத்தம் பார்த்துப் பார்த்து அக்கா பெட்டிகளை வெட்டினார். அக்காவின் கல்யாண வருடத்துக்குக் கூறைப்புடவையின் ரவிக்கைத் துணி. கஜா வருடத்துக்கு, கூரை போனபோது நிவாரணமாகக் கொடுத்த தார்ப்பாயில் ஒரு துண்டு. அதில் ஊசி உடைந்தது, அக்கா கையால் குத்திக் குத்தித்தான் தைத்தார். கவின் பிறந்த வருடத்துக்கு முகக்கவசத் துணி. எங்கள் அம்மாவை வரவழைத்து, அம்மாவின் கண்டாங்கிச் சேலையில் ஒரு முனையைக் கேட்டார். அம்மாவுக்குத் தான் பிறந்த வருடம் தெரியாது. கண்மாய் உடைந்த வருடம் தான் வயிற்றில் இருந்ததாக மட்டும் சொல்வார். "என்னைய எதுக்குடி இதுல ஏத்துறீங்க? எனக்குப் பஸ்ஸே ஒத்துக்காது" என்றார் அம்மா. அதற்குத் தர்ஷினி, "ஒனக்கு ஜன்னல் சீட்டு அம்மாயி" என்றாள்.

பெட்டிகள் சேர்ந்தபின் அதன்மேல் ஆளுக்கு ஒரு நூல். அப்பாவுக்கு வெள்ளை, அம்மாவுக்குக் கறுப்பு, அக்காவுக்கு அரக்கு, அத்தானுக்கு மஞ்சள், எனக்குப் பச்சை, தர்ஷினிக்கு ரோஸ், கவினுக்கு நீலம். யார் எந்த வருடம் பிறந்தார்களோ அந்தப் பெட்டியில் அவர்கள் நூல் ஏறும். அங்கிருந்து ஓட்டுத் தையலாக ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டி வரும். கவினின் நீல நூல் கடைசியில் சில பெட்டிகளில் மட்டும்தான் ஓடியது. அவன் அழுதுவிட்டான். தான் எல்லாருக்கும் முன்னால் இருக்க வேண்டும் என்றான்.

"நீ டிக்கெட் எடுத்ததே கடைசியிலதானடா" என்றாள் தர்ஷினி.

அழுகை கூடியது. அக்கா அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். "ரயில்ல கடைசிப் பெட்டியில யாரு இருப்பா தெரியுமா? கார்டு. கார்டு விசில் ஊதாம ரயிலு நகராது." அன்றிலிருந்து அவன் கார்டாகிவிட்டான். அவன் விசில் அடிக்காமல் யாரும் ஊசி குத்தக்கூடாது. அவனுக்கு விசில் வராது. உதட்டைக் குவித்துக் காற்றுதான் விடுவான்.

அப்பாவின் வெள்ளை நூல் ஒரு பெட்டியின் பாதியில் நின்றது. அக்கா அங்கே ஊசியில் நூலைச் சுற்றி இழுத்து ஒரு முடிச்சு போட்டு அறுத்தார். கவின் கவனித்துவிட்டான். ஏன் என்று கேட்டான். தாத்தா அதுவரைக்கும்தான் வந்தார் என்றார் அக்கா. "நான் வாரப்ப தாத்தா இல்லையா?" என்றான். அவன் நூல் ஏறுகிற பெட்டியைக் காட்டி, நடுவில் இருக்கிற பெட்டிகளை அவனையே விரலால் தாண்ட வைத்தார்.

"முடிச்சு எதுக்கு?"

"போடாட்டி அவுந்துரும்டா. அவுந்தா, தாத்தா ஓடுன தூரம் அம்புட்டும் போயிரும்."

இருக்கிறவர்களின் ஊசிகளை எல்லாம் கடைசிப் பெட்டியின் ஓரத்தில் வரிசையாகக் குத்தி வைத்தார். ஒவ்வொரு வருடமும் ஒரு பெட்டி சேர்க்க வேண்டும், சேர்த்ததும் எல்லா நூலையும் அதில் ஓட்ட வேண்டும் என்று தர்ஷினிக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வருடத்துப் பெட்டியை மட்டும் வைக்கவில்லை. "இந்த வருசத்துக்குத் துணி இன்னும் அமையல. நல்லதா ஒண்ணு வரட்டும்" என்றார். தர்ஷினியின் ஆசிரியை சார்ட்டுக்குப் பதிலாக அந்த ரயிலையே ஏற்றுக்கொண்டு கொஞ்ச நாள் வகுப்பில் சுவரோடு கட்டிவைத்தார். கார்டும் ஒருநாள் வகுப்புக்குப் போய் வந்தார்.

போன மார்கழியில் ஒரு காலையில், மிஷினுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோதே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வரவில்லை.

அக்காவுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டுவர வேண்டியவன் நான். கடையில் எனக்கு எதுவும் ஓடவில்லை. அக்காவுக்குப் பிடித்த கத்தரிப்பூக் கலரில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் கூட்டமாக இருந்தது. தையல் மிஷின் மேல் சேலையை வைத்துவிட்டு, அம்மாவை வண்டியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டுவர வெளியே போனேன். திரும்பி வந்து சேலையை எடுத்தேன். மடிப்பு கலையாமல்தான் இருந்தது. பெண்கள் வாங்கி அக்காவுக்குப் போர்த்தினார்கள். அக்காவை எடுத்துக்கொண்டு போனோம்.

வீடு கழுவிவிட்ட பிறகுதான் பிள்ளைகளின் அத்தை அதைக் கண்டார். மிஷினின் இழுப்பறைக்குள் கத்தரிப்பூக் கலரில் ஒரு துணி, மடித்து வைத்தபடி இருந்தது. புதுச் சேலை எது வந்தாலும் முந்தியை அடுத்து இருக்கும் ரவிக்கைப் பிட்டை முதல் வேலையாக வெட்டி எடுத்துவிடுவது அக்காவின் பழக்கம். தர்ஷினி பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறாள். அம்மாவுக்கு என்று மிஷின் மேல் ஒரு புதுச் சேலை வந்து இருந்ததும், அவள் கை தானாகக் கத்தரிக்கோலை எடுத்திருக்கிறது. நேராக வெட்டி, சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டாள்.

வீட்டில் பேச்சு எழுந்தது. இறந்தவர்களுக்கு என்று வந்த துணியில் கத்தரி படலாமா, அதில் ஒரு துண்டு வீட்டில் தங்கலாமா என்று வந்திருந்த பெண்கள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஒருவர், மிச்சம் வைத்தால் போன உயிர் மிச்சத்தைத் தேடி வரும் என்றார். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் உள்ள பயத்தில்தான் சொன்னார்கள். தர்ஷினி மூலையில் வெளிறிப்போய் நின்றாள். ஏன் வெட்டினாய் என்று அத்தை கேட்டார்.

"இந்த வருசப் பெட்டிக்குத் துணி வரலைன்னு அம்மா சொல்லுச்சுல்ல அத்தை" என்றாள். "இதுதான் வந்துச்சு."

அத்தை அந்தத் துணியைத் தன் மடியில் முடிந்துகொண்டார். பதினாறு முடியட்டும் என்று மட்டும் சொன்னார். பதினாறு முடிந்ததும் அதை ஆற்றில் விடப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த நாட்களில் கவினை அடக்கியது ஒரே ஒரு வார்த்தைதான். அம்மா ஊருக்குப் போயிருக்கு, நாளைக்கு வந்துரும். வந்தவர்கள் எல்லோரும் அதைச் சொன்னார்கள். பிள்ளை அழக்கூடாது என்று அத்தையும் சொன்னார். அவன் அழவில்லை. சாயங்காலமானால் பஸ் ஸ்டாப்புக்குப் போனான். அத்தையும் கூடவே போய் உட்கார்ந்தார். பஸ் வரும், ஆட்கள் இறங்குவார்கள், பஸ் போய்விடும். "நாளைக்கு வரும்" என்று அவனே அத்தைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்து வருவான். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் ரயிலை விரித்து, கடைசிப் பெட்டியின் ஓரத்தில் குத்தியிருந்த அரக்கு நூல் ஊசியை அத்தைக்குக் காட்டினான். "அம்மா ஊசிய வச்சிட்டுப் போயிருக்கு பாருங்க. வந்து தைக்கும்." இதை அத்தான்தான் எனக்குச் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி எடுத்த பிறகு, அத்தை எல்லோரும் இருக்கையில் தன் மடியிலிருந்து அந்தத் துணியை எடுத்தார். ஒரு சட்டியில் மஞ்சள் கரைத்து அதில் முக்கி எடுத்துப் பிழிந்தார். கொடியில் போட்டார். காய்ந்ததும் தர்ஷினியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

"மஞ்சள்ல நனச்சாச்சு. இனிமே இது கோடி இல்ல, துணி. வச்சுத் தை."

வயதில் மூத்த ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான் இருக்கேன், எம்மேல வரட்டும்" என்று அத்தை சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

தர்ஷினி அந்தப் பெட்டியைக் கையாலேயே தைத்துச் சேர்த்தாள். எல்லா நூலையும் அதில் ஓட்டினாள். அரக்கு நூலைத் தொடப்போனபோது கவின் கையைத் தட்டிவிட்டான். அது அம்மா வந்து தைக்கும் என்றான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஊசி குத்திய இடத்திலேயே இருந்தது.

ஜூனில் கவின் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். சீருடைக் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அக்கா செய்வதுபோல மடிப்பு விட்டுத் தைத்துத் தருகிறேன் என்று அத்தை உட்கார்ந்தார். அவருக்கு ஊசி பிடித்துப் பழக்கமில்லை. ஒரு கால் ஏறியும் ஒரு கால் இறங்கியும் இருந்தது. ஆனால் மடிப்பு உள்ளே நிறைய இருந்தது. நீளமான சட்டையில் மிஞ்சியதை வெட்டிப் புது வருடத்துப் பெட்டியாக்கினோம். நானும் அன்று இருந்தேன். தர்ஷினி ஒவ்வொரு நூலாகக் கத்தரிப்பூப் பெட்டியைத் தாண்டிச் சீருடைப் பெட்டிக்குள் கொண்டுவந்தாள். கார்டு ஒவ்வொன்றுக்கும் காற்று ஊதி அனுமதி கொடுத்தார். கடைசியில் அரக்கு நூல் மட்டும் பின்னால் நின்றது.

கவின் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் நீல நூலைத் தொட்டான். மறுபடி அரக்கு நூலைத் தொட்டான்.

"அம்மா இந்தப் பெட்டியில ஏறலையா?"

"ஏறல" என்றாள் தர்ஷினி.

"நாளைக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். அவளே அவன் கையைப் பிடித்து ரயிலின் மேல் வைத்தாள்.

"நாளைக்குன்னா இங்கிட்டு. இன்னும் பெட்டி வராத பக்கம். அம்மா அங்கிட்டு இருக்கு. நாளைக்கும் இங்கிட்டு ஏறாது."

கவின் குனிந்து, அரக்கு நூலை அது ஏறின பெட்டியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தான். கூறைப்புடவையைத் தாண்டினான். தார்ப்பாயைத் தாண்டினான். தன் நூல் ஏறுகிற இடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதைப் பார்த்து அங்கே கொஞ்சம் நின்றான். ஊசி இருந்த இடத்துக்கு வந்தான்.

"அப்ப முடிச்சுப் போடு" என்றான். "அவுந்துரும்."

தர்ஷினி அரக்கு நூலைக் கத்தரிப்பூப் பெட்டியின் பாதிவரை ஓட்டி, ஊசியில் சுற்றி இழுத்து முடிச்சு போட்டாள். அறுப்பதற்கு முன் கவினைப் பார்த்தாள். அவன் உதட்டைக் குவித்து ஊதினான். அப்போதும் காற்றுதான் வந்தது. அன்று சாயங்காலம் அவன் பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. படுக்கும்போது அழுதான். அம்மா போனதற்காக அவன் முதல்முதலாக அழுதது அன்றுதான். அத்தானும் அத்தையும் அவனை அழ விட்டார்கள்.

அக்காவுக்கு ஊசி குத்தும்போது வலி தெரியாமல் பேச்சுக் கொடுத்த டயாலிசிஸ் பிரிவு செவிலியர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா மெதுவாக ஏறி இறங்கும்வரை பஸ்ஸை நிறுத்தி வைத்த ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும், ஒரு துணிப் பட்டையைப் பாடமாக மதித்துச் சுவரில் மாட்டிய ஆசிரியைக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைத் தங்கள் அடுப்பாக நினைத்துப் பொங்கிப் போட்ட அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், அக்காவிடம் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்பக் கேட்காமல், வெட்டுத்துணியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனவர்களுக்கும் நன்றி. பிள்ளைகளின் அத்தைக்கு நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். அதனால் அவருக்கும் ஒரு நூல் கோத்துவிட்டோம் என்பதை மட்டும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன். தான் பிறந்த பெட்டி எது என்று அவருக்கும் தெரியாததால், எங்கள் அம்மாவுக்குப் பக்கத்திலேயே ஏற்றியிருக்கிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இன்று வீட்டுக்கு வரும்போது சுவரில் அந்த ரயிலைப் பார்ப்பீர்கள். கவின் உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் பெட்டியிலிருந்து காட்டுவான். நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கத்தரிப்பூப் பெட்டி வந்ததும், "எங்கம்மா இதுவரைக்கும் வந்துச்சு. நாங்க போய்க்கிட்டு இருக்கோம்" என்று சொல்வான். அப்போது உங்களுக்குக் கண் கலங்கலாம். கலங்கட்டும். ஆனால் அவனைத் தேற்றுவதாக நினைத்து, அம்மா ஊருக்குப் போயிருக்கு என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். அம்மா எங்கே இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். விரல் வைத்துக் காட்டுவான்.